ஏழாவது கேள்விக்கு எழும்பியவர்கள்

“உங்க வீட்ல முடிவெடுக்கிறது யாரும்மா?” என்று பில்கிஸ் மேடம் ஒருமுறை வகுப்பில் அக்சாவைக் கேட்டார். அக்சா எழுந்து, “எங்க அத்தை மேடம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கேள்வி கல்லூரி மதிலைத் தாண்டி ஆம்பூர்த் தெருக்களுக்குள் நுழைந்த பிறகுதான், அந்தப் பிப்ரவரி மாதத்தில், ஒரு கிடா, ஒரு செல்போன், ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், ஏழெட்டு மாமியார்கள் ஆகியோர் தரையை விட்டு எழும்பினார்கள். கத்தரிக்காய் கிலோ எண்பதைத் தொட்டிருந்த மாதம் அது. பிரியாணிக் கடைகளில் கத்தரிக்காய்த் தொக்கை இரண்டாம் முறை கேட்டால் காது கேட்காததுபோல் போய்விடுவார்கள்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே இருந்த அந்தப் பெண்கள் கல்லூரியில் ‘சமூகவியல் அறிமுகம்’ என்ற தாள் அந்த ஆண்டுதான் வந்தது. பி.ஏ. வரலாறு முதலாண்டுக்குத் துணைப்பாடம் ஏதாவது ஒன்று வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், பொருளாதாரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. சமூகவியல் என்றால் சமூக சேவை என்று நினைத்துக்கொண்ட நிர்வாகம் முதல் நாளே வகுப்பறை மூலையில் புதுத் துடைப்பங்களைக் கட்டாகச் சாத்தி வைத்திருந்தது. பாடம் நடத்த வந்த பில்கிஸ் மேடம் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. காலையில் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி, வகுப்பெடுத்து முடித்து, மதிய ரயிலைப் பிடிக்க ஓடுவார். அதனால் அவருடைய பாடத்தில் சமூகம் எப்போதும் கொஞ்சம் வேகமாகவே ஓடியது. துடைப்பங்களைத் தாண்டி மேசைக்குப் போனார். சமூகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் நம்மை அதுதான் நடத்துகிறது என்றார். முதல் பெஞ்சில் இருந்த கௌசர் கையைத் தூக்கி, “கண்ணுக்கே தெரியாதது பரிட்சையில எப்படி மேடம் வரும்?” என்றாள். “அஞ்சு மார்க்ல வரும், எழுதிக்கோ” என்றார் மேடம்.

அக்சாவுக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. ஊர்வம்பைத் தலைப்புப் போட்டு, உட்தலைப்புப் போட்டு, எடுத்துக்காட்டோடு சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தன் வீட்டில் நடப்பதெல்லாம் தன் வீட்டில் மட்டுமே நடப்பது என்று அதுவரை நினைத்திருந்தாள். இரண்டாவது அலகைப் புரட்டினால் அவளுடைய அப்பா, அம்மா, அத்தை எல்லாரும் பெயர் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. பார்த்தவர் கொஞ்சம் நாகரிகமானவர், பல்லிளிக்காமல் எழுதியிருந்தார்.

அவளுடைய அப்பா நத்தானியேல் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். அம்மா மெர்சி அதே கம்பெனியில் தையல் லைன். ஜெயசீலி அத்தை அப்பாவின் அக்கா, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். மகனோடு அடுத்த தெருவில் குடியிருந்தாலும், வார்டை ரவுண்டு வருவதுபோல் தினமும் காலையில் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். யாரோடு பேசினாலும் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். பொய் சொன்னால் நாடி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தெருவில் பலர் அவரைப் பார்த்ததும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்கள். அந்த அத்தைதான் அக்சாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே மாப்பிள்ளை ஒன்றைப் பார்த்திருந்தார். மே மாதம் கல்யாணம், அதற்குமேல் படிப்பு வேண்டாம் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனை. “ஒரு வருஷம் போனா, காலேஜ் எப்படி இருக்கும்னு பாத்துட்டா, போதாதா?” என்று அத்தை அக்சாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அக்சாவின் நாடி வேறு பதில் சொன்னது. அத்தை அதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார்.

நத்தானியேல் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் வரும். வீட்டுக்கு நீலப் பெயிண்ட் அடிக்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. “நீலம் அடிச்சா நாலு பேரு இன்னா சொல்வாங்க?” என்று சந்தனக் கலர் அடித்தார். மெர்சி ஸ்கூட்டி ஓட்டப் பழகுகிறேன் என்றபோதும் அந்த நாலு பேர்தான் குறுக்கே வந்தார்கள். இப்போது ரயில்வே மாப்பிள்ளையை விட்டுவிட்டு மகளைக் காலேஜுக்கு அனுப்பினால் நாலு பேர் இன்னா சொல்வார்கள் என்று கேட்டார். பேச்சு அங்கேயே நின்றது. ஆனால் அக்காவிடம் சரி என்றும் சொல்லவில்லை. இரண்டாம் பருவம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பருவத் தேர்வுக்கு முன்னால் குடும்பக் கணக்கெடுப்பு ஒன்று செய்யவேண்டும் என்பது பாடத்திட்டம். ஒவ்வொரு பெண்ணும் தன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிவர வேண்டும், தன் வீடும் அதில் சேர்த்தி. வழக்கமாக இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் ‘குடும்பத் தலைவர் யார்?’ என்றுதான் கேள்வி இருக்கும். ஆம்பூரில் அந்தக் கேள்வி செல்லாது. பெண்கள் பெயருக்கு மாதாமாதம் அரசாங்கப் பணம் வரும் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, பெண்டாட்டி பெயரைத் தலைவி என்று மாற்றிவிட்டு வந்திருந்தார்கள். கார்டில் தலைவி, வீட்டில் பழையபடி. கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில் வரும், அட்டவணை போட்டால் ஊர் முழுக்கப் பெண்ணாட்சி என்று முடியும். பில்கிஸ் மேடம் இதை யோசித்து, ரயிலில் வரும்போதே ஏழாவது கேள்வியை அடித்துவிட்டு ‘உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார்?’ என்று பேனாவால் எழுதினார். செய்தது அவ்வளவுதான்.

அக்சா முதலில் போனது தோல் மண்டி வைத்திருக்கும் அப்துல் ஹமீத் வீட்டுக்கு. ஹமீத் பாய் ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி அக்தரி பேகம் கதவோரம் நின்றார். முதல் ஆறு கேள்விக்கும் பாய் பதில் சொன்னார். ஏழாவதைக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே மார்பில் கை வைத்தார். அதே நேரத்தில் கொல்லையில் கட்டியிருந்த சுல்தான் என்ற கிடா ஒரு சாண் உயரம் மேலே எழும்பி, கயிறு அனுமதித்த தூரத்துக்கு நீந்திவந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. இரண்டு பக்ரீதுக்கு முன்னால் வாங்கிய கிடா அது. பேத்தி அழுததால் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, வீட்டோடு தங்கிவிட்டது. வீட்டு ஆட்களைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் தின்னாது என்பதால் அந்தக் குடும்பம் ஒரு வெளியூர்க் கல்யாணத்துக்கும் ஒன்றாகப் போனதில்லை. அதற்குப் பிடிக்காத வாடகைக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்திருந்தார். ஹமீத் பாய் மார்பிலிருந்து கையை எடுத்தார். “அப்ப நான் யாரு?” என்றார். “நீங்க புல்லு வாங்கியாறவரு” என்றார் அக்தரி பேகம்.

அடுத்தது மஹ்பூபி வீடு. அங்கே மேசை மேலிருந்த செல்போன் எழும்பியது. ரியாத்தில் வேலை பார்க்கும் மூத்த மகன் அப்போது வீடியோ காலில் இருந்தான். எந்தக் குழம்பு வைப்பது, தங்கை எந்தத் துப்பட்டா போடுவது எல்லாம் அவனைக் கேட்டுத்தான். “ஏம்மா, கேமரா ஆடுது?” என்று கேட்டான். அங்கே அவனும் எழும்பினானா என்று தெரியவில்லை. ரியாத் அறையில் அவனுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவர் கீழேயிருந்து ஏதோ முட்டியதாகப் பிறகு புகார் சொன்னார்.

மற்றப் பெண்களின் தெருக்களிலும் இதே கதைதான். பெரும்பாலும் மாமியார்கள் எழும்பினார்கள், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற வீடுகளில் யாருமே எழும்பாததுதான். ஏழாவது கேள்வியைக் கேட்டுவிட்டுப் பெண்கள் பேனாவைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். எல்லார் காலும் தரையிலேயே இருக்கும். அதே நிமிஷத்தில் கம்பெனியில், நூற்றுக்கணக்கான தையல் மெஷின்களுக்கு நடுவில், லைன் சூப்பர்வைசர் தன்சீல் அகமது இன்னும் ஒரு சாண் மேலே போவார். ஓவர்டைம் யாருக்கு, லீவு யாருக்கு என்று போடுவது அவர்தான். பிள்ளைக்குக் காது குத்துவதும், மாமனாருக்குக் கண் ஆபரேஷன் செய்வதும், மாதத்தில் எந்த ஞாயிறு கறி எடுப்பது என்பதும் அதைப் பொறுத்துத்தான் நடந்தது. வாரக் கடைசியில் அவர் டியூப் லைட் உயரத்தில் இருந்தார். நிர்வாகம் முதலில் பயந்தது. மேலிருந்து பார்த்தால் தப்புத் தையல் நன்றாகத் தெரிகிறது, ரிஜெக்ட் கம்மியாகிறது என்று தெரிந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். டீயைக் கம்பில் கட்டி நீட்டினார்கள்.

எழும்பினவர்கள் இறங்கவில்லை. முடிவெடுப்பது வேறு கைக்கு மாறினால்தான் கால் தரையைத் தொட்டது. அப்படி இறங்கியவர்கள் மிகச் சிலர், அதில் ஒருவர் மருமகளின் ரசத்தை நன்றாயிருக்கிறது என்று வாய்தவறிச் சொன்ன மாமியார். மற்றவர்கள் ஒரு சாண் உயரத்திலேயே கடைக்குப் போனார்கள், குழாயடியில் சண்டை போட்டார்கள், ஜெபக்கூட்டத்துக்கு வந்தார்கள். டெய்லர்கள் உள்பாவாடையை நீளமாகத் தைக்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. அதுவரை வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடக்கும், அழுகை நடக்கும், சாப்பிடாமல் படுத்துக் காரியம் சாதிப்பதும் நடக்கும். எழும்பினவர் யார் என்று கண்ணால் பார்த்துவிட்ட பிறகு அதெல்லாம் நின்றுபோனது. எழும்பினவர் சொன்னால் சொன்னதுதான், அதற்குமேல் யாரிடமும் முறையிட முடியாது.

அதனால்தான் அக்சா தன் வீட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தாள். கேட்டால் அத்தை எழும்புவார். எழும்பினால் மே மாதம் அரக்கோணம். அம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னாள். மெர்சி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், “கேக்காமயே இருந்துரு. எழுதாமயே மார்க் போடச் சொல்லு” என்றாள். தன் வீட்டைச் சேர்க்காத கணக்கெடுப்புக்கு மார்க் கிடையாது, மார்க் இல்லாவிட்டால் அடுத்த வருஷமே கிடையாது. கேட்டாலும் போச்சு, கேட்காவிட்டாலும் போச்சு என்று அக்சா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அரக்கோணத்து மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள். ஆம்பூர் விவரம் அங்கே வரைக்கும் போயிருந்தது. “உங்க வீட்ல யாரு எழும்பினாங்க? வீணா எல்லார்கிட்டயும் பேசினு இருக்காம, நேரா அவங்ககிட்டயே பேசி முடிச்சிடறோம்” என்றார்கள்.

ஜெயசீலி அத்தைக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கேள்வியைக் கேட்டுவிடலாம் என்று நாள் குறித்தார். அன்று காலை ஆராதனைக்கே தயாராக வந்தார். எழும்பும்போது கால் தெரியக்கூடாது என்று பட்டுப்புடவையின் கீழ்க்கரையை உள்பாவாடையோடு சேர்த்து வரிசையாக ஊக்குக் குத்தியிருந்தார். ஹாலின் நடுவே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்ததை, தலை இடிக்கக்கூடாது என்று ஓரமாக நகர்த்தச் சொன்னார். பிரியாணி அடுப்பில் தம்மில் இருந்தது. விஷயம் தெருவுக்குத் தெரிந்திருந்ததால் வாசலில் பெரிய கூட்டம். கிடாகூட வந்திருந்தது.

“ம், கேளுடி” என்றார் அத்தை.

அக்சா முதல் கேள்வியிலிருந்து தொடங்கினாள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, குடிதண்ணீர் எங்கிருந்து என்று ஒவ்வொன்றாக.

“நேரா ஏழுக்கு வா. குழாத்தண்ணி எங்க வருதுன்னு எனக்குத் தெரியாதா?”

“வரிசையாத்தான் அத்தை கேக்கணும். இல்லன்னா மார்க் கம்மி.”

“மார்க் வாங்கி இன்னா பண்ணப்போற? ரயில் ஓட்டப்போறியா?”

அக்சா வரிசையாகவே கேட்டாள். ஏழாவது கேள்வி வந்தது. “எங்க வூட்ல…” என்று தொடங்கி, திருத்திக்கொண்டு, “உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார்?” என்று தாளில் உள்ளபடியே படித்தாள்.

அத்தை நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்களை மூடினார். எல்லாரும் அவருடைய புடவைக் கரையைப் பார்த்தார்கள். அது தரையில்தான் இருந்தது. நத்தானியேல் தன் காலைப் பார்த்துக்கொண்டார், அதுவும் தரையில். மெர்சி அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கரண்டி உட்பட எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவேளை கம்பெனியில் தன்சீல் அகமது கூரையை முட்டியிருப்பார் என்று யாரோ சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு என்று இன்னொருவர் சொன்னார். அப்போதுதான் வாசலில் கூச்சல் கேட்டது.

கூட்டத்தில் நின்றவர்களில் நாலு பேர் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். டீக்கடை குர்ஷித் பாய், இட்லி விற்கிற வள்ளியம்மாள், பாஸ்டரம்மா பிரிஸ்கில்லா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஜார்ஜ். மற்ற வீட்டுக்காரர்கள்போல் ஒரு சாண் இல்லை. மதில் உயரத்துக்குப் போய்த்தான் நின்றார்கள். வள்ளியம்மாள் ஒரு கையால் புடவையையும் இன்னொரு கையால் ஹெட்மாஸ்டரின் தோளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அதற்குமுன் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதுகூட இல்லை.

“அரே நத்தானியேல், இன்னா பேஜாரு இது?” என்று குர்ஷித் பாய் மேலிருந்து கத்தினார். “காலைல ஒன் வூட்டுக்கு வந்த டீ கிளாஸ வாங்கினு போலாம்னு வந்தேன்பா நான்!”

நத்தானியேல் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். எண்ணிப் பார்ப்பதுபோல் அவர் விரல் அசைந்தது. பின்னால் வந்த மெர்சியும் எண்ணினாள்.

“இவங்கதானா?” என்றாள் மெர்சி. அவள் சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. “இந்த நாலு பேருதானா? இத்தினி வருஷமா மொகத்தப் பாக்கணும்னு இருந்தேன். இவங்களுக்காகத்தான் எனக்கு ஸ்கூட்டி இல்லன்னு சொன்னியா?”

“ஸ்கூட்டியா?” என்றாள் வள்ளியம்மாள். “எந்த ஸ்கூட்டி? நான் ஒண்ணும் சொல்லலியேம்மா.”

ஜெயசீலி அத்தை நாற்காலியை விட்டு எழுந்து வேகமாக வந்தார். வார்டில் கட்டிலை விட்டு இறங்கிய நோயாளியைப் பார்ப்பதுபோல் நால்வரையும் பார்த்தார். எழும்பினது யாராக இருந்தாலும் எழும்பியாகிவிட்டது, காரியத்தை முடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“சரி, நீங்களே சொல்லுங்க” என்றார். “ரயில்வே மாப்பிள்ள. சொந்த வீடு. இத விட்டுட்டு பொண்ண காலேஜுக்கு அனுப்பினா நீங்க இன்னா சொல்வீங்க?”

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்படியில் பிரியாணி அடிபிடிக்கும் வாசனை வந்தும் யாரும் அசையவில்லை. அக்சா தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் என்ன சொன்னாலும் இனி அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

“எனக்கு இன்னாமா தெரியும்?” என்றார் குர்ஷித் பாய் கடைசியில். “பாப்பா காலேஜா போவுது? கம்பெனிக்குப் போவுதுன்னுல்ல நெனச்சினு இருந்தேன்.”

அத்தை விடவில்லை. குர்ஷித்தின் மணிக்கட்டு எட்டாத உயரத்தில் இருந்ததால் கணுக்காலைப் பிடித்தார். அங்கேயும் நாடி பார்க்கலாம் என்பது நர்ஸுகளுக்குத் தெரியும். “நல்லா யோசிச்சி சொல்லுங்க பாய். ஊரு சிரிக்காது? நீங்க சிரிக்க மாட்டீங்க?”

“எதுக்கு சிரிக்கணும் சிஸ்டர்? காலைல நாலு மணிக்கு எழுந்து பால் காய்ச்சறவன் நானு. இதெல்லாம் நெனைக்க நேரம் எங்க கீது?”

அத்தை ரொம்ப நேரம் அந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடி ஒரே சீராக அடித்தது. பொய் இல்லை. அவர் கையில் இருக்கும்போதே அந்தக் கால் மெதுவாகக் கீழே வந்தது. குர்ஷித் பாய் தரையில் நின்று, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, “கிளாஸு?” என்றார்.

வள்ளியம்மாள், தனக்கு இட்லி வெந்துகொண்டிருக்கிறது என்பதைத் தவிர இந்த விஷயத்தில் கருத்து ஒன்றும் இல்லை என்று சொல்லி இறங்கினாள். பாஸ்டரம்மா எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று தொடங்கினார். “அத அவர்கிட்ட கேட்டுக்கறோம் ஆன்ட்டி. உங்களுது இன்னா?” என்று அக்சா கேட்டாள். அவ்வளவு துணிச்சல் தனக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு அவளே வியந்தாள். பாஸ்டரம்மா கொஞ்சம் யோசித்து, “எனக்கென்னடி? படிச்சா படி. வீட்டுக்குத்தான் அந்தச் சந்தனக் கலருக்குப் பதிலா நீலம் அடிச்சிருக்கலாம்” என்றார். சொல்லிவிட்டு இறங்கினார். நத்தானியேல் திண்டாடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் ஜார்ஜ் மட்டும் மேலேயே நின்று பெண் கல்வியின் அவசியம் பற்றி ஒரு சொற்பொழிவைத் தொடங்கினார். அது நீளும் என்று தெரிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. கேட்க ஆள் குறையக் குறைய அவரும் இறங்கிக்கொண்டே வந்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் தரையைத் தொட்டார்.

“அப்போ இனிமே நம்ம வூட்ல யாருதான் முடிவெடுக்கறது?” என்று நத்தானியேல் பொதுவாகக் கேட்டார். அது மறுபடியும் ஏழாவது கேள்விதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. மற்றவர்களுக்கு உறைத்தது. வீட்டிலும் வாசலிலும் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். அக்சா மட்டும் பார்க்கவில்லை. அவள் தாளைச் சுவரில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, “நாளைக்கு எனக்கு காலேஜ் கீதுப்பா” என்றாள். அப்போது அவள் எழும்பினாளா இல்லையா என்பதில் தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. அவளுடைய சுடிதார் பேண்ட் தரையில் புரளும் அளவுக்கு நீளம், அதனால் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனாள். இரண்டாம் ஆண்டுக்கும் போனாள், மூன்றாம் ஆண்டுக்கும் போனாள். கணக்கெடுப்புக்கு பில்கிஸ் மேடம் பத்துக்கு ஏழு போட்டார். பதில் சொல்பவர் வீட்டுக்கு உள்ளே இருக்கவேண்டும் என்பது கணக்கெடுப்பின் அடிப்படை விதி, இதில் நாலு பேர் வெளியே இருக்கிறார்கள் என்று மூன்று மார்க்கைக் குறைத்திருந்தார். அடுத்த ஆண்டு பொருளாதாரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதால் சமூகவியல் தாள் நின்றுபோனது, மூலையிலிருந்த துடைப்பங்கள் ஒருவழியாகப் பயன்பாட்டுக்கு வந்தன. அரக்கோணத்து மாப்பிள்ளைக்கு அணைக்கட்டு என்ற ஊரில் பெண் அமைந்தது. தன்சீல் அகமதுவைச் சென்னையிலிருந்து வேறு கம்பெனி கூப்பிட்டது, லாரியில் போகும்போது மேம்பாலங்களுக்குக் கீழே குனிந்துகொண்டு போனார். மெர்சி ஸ்கூட்டி ஓட்டப் பழகி, முதல் வாரமே வள்ளியம்மாளின் இட்லிப் பாத்திரத்தில் மோதினாள். அதற்கு மட்டும் வள்ளியம்மாள் நிறையச் சொன்னாள். வீட்டுக்கு நீலம் அடித்தார்கள். பார்த்துவிட்டு யாரும் எதுவும் சொல்லாதது நத்தானியேலுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் கலைந்து, ஹெட்மாஸ்டரும் போன பிறகு, ஜெயசீலி அத்தை ஹாலுக்குத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். புடவைக் கரையில் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசை மேல் வைத்தார். அரக்கோணத்திலிருந்து வந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. “சாப்ட்டுப் போங்க அண்ணி, மேலாப்புல அடிபிடிக்கல” என்று மெர்சி சொன்னாள். அக்சா தட்டைக் கொண்டுவந்து வைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் மணிக்கட்டை அத்தையின் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். அத்தை அதைப் பார்த்தார், தொடவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். எந்த வீட்டிலிருந்தும் ‘வர்றேன்’ என்று சொல்லாமல் புறப்பட்டவர் இல்லை அவர். டியூட்டி முடிந்து கிளம்பும்போது நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிகளிடம்கூட வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருவாராம். அன்று வாசற்படியில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இரண்டு குதிகால்களையும் ஒருமுறை மெதுவாக உயர்த்திப் பார்த்தார். பிறகு இறக்கிக்கொண்டார். எதிரே ஒரு சாண் உயரத்தில் வந்துகொண்டிருந்த கிடாவுக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார்.